ராஜி: நம் புராணம் என்பதற்காக மட்டும் ஒரு விளையாட்டைப் புகழலாமா?

செந்தூல்வாசி:
புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழுவினர் உருவாக்கி, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ சுவிட்சிலும் அக்டோபரில் கணினி முதலிய பிற தளங்களிலும் வெளிவந்த 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' விளையாட்டை நம்மவர்கள் இன்றும் வானளாவப் புகழ்கிறார்கள். அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பி கோலுவைத் தேடிப் புறப்படும் ராஜி என்னும் கூத்தாடிப் பெண், துர்க்கையின் திரிசூலத்தையும் விஷ்ணுவின் வில்லையும் பெற்றுப் போரிடுகிறாள் என்பது கதை. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் ராஜியின் அடியும் உருளலும் நாம் பொத்தானை அழுத்திய கணத்தோடு ஒட்டாமல் சற்றே பின்தங்குகின்றன. காட்சிக்கோணத்தை விளையாட்டே முடிவு செய்வதால், தாவ வேண்டிய மேடை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாமல் பள்ளத்தில் விழுகிறோம். ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும் கதையும் பாதி வாக்கியத்தில் நின்றதுபோல் நின்றுவிடுகிறது. 2020 செப்டம்பரில் முழு வடிவில் வெளிவந்த, கிரேக்கப் புராணத்தைக் கையாண்ட 'ஹேடீஸ்' விளையாட்டையும் இதையும் அடுத்தடுத்து ஆடியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இந்தக் குறைகள் கிரேக்கக் கதை ஒன்றில் இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் அதை இறுதிவரை ஆடியிருப்போம்?

தண்ணீர்மலையான்:
நண்பரே, ஒப்பிடுவதென்றால் முழுமையாக ஒப்பிடுங்கள். ஹேடீஸ் 2018 டிசம்பரிலேயே முன்னணுக்க வடிவத்தில், அதாவது முழுமையடையும் முன்பே வாங்கி ஆடக்கூடிய நிலையில், விற்பனைக்கு வந்து, ஆடியவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செதுக்கப்பட்ட விளையாட்டு. அதை உருவாக்கியவர்களுக்கு அதற்கு முன்பே மூன்று வெற்றி விளையாட்டுகளின் அனுபவமும் இருந்தது. ராஜியோ தன் குழுவின் முதல் படைப்பு. 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று, இலக்கை எட்ட முடியாமல் போன பிறகும் அவர்கள் விடாமல் முடித்தார்கள். 2020-ஆம் ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவின் சிறந்த அறிமுக விளையாட்டுப் பிரிவில் ராஜி பரிந்துரைக்கப்பட்டதற்கு இந்துக்களின் பாசம் காரணம் என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன்.

சண்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திரிசூலத்தை மட்டும் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தால் அலுப்புத்தான் மிஞ்சும். சுவரில் ஓடி மேலிருந்து பாய்வது, தூணைப் பற்றிச் சுழன்று சூழ்ந்து நிற்கும் அசுரர்களை ஒருசேரச் சாய்ப்பது ஆகியவற்றைப் பழகிக்கொண்டால், அவள் கழைக்கூத்தாடி என்பது கதையில் மட்டும் இல்லாமல் கைகளிலும் தெரியவரும். ஆயுதங்களுக்கு ஏற்றும் ஆற்றல்களையும் நினைத்தபோது மாற்றி அமைக்கலாம் என்பதால், தவறான தேர்வுக்குத் தண்டனை கிடையாது. 2022-இல் வந்த திருத்திய பதிப்பில் சண்டையைச் சீர்செய்து இந்திக் குரலையும் சேர்த்தார்கள். நீங்கள் ஆடியது எந்தப் பதிப்பு?

பட்டர்வொர்த் அக்கா:
தம்பிகளே, எனக்குச் சண்டை நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் பிள்ளைகள் ஆடும்போது அருகில் அமர்ந்து பார்ப்பவள் நான். 2012-இல் 'ஸ்மைட்' என்ற விளையாட்டில் காளியை ஆட்டக்காரர் இயக்கும் பாத்திரமாக ஆக்கியபோது, வழிபடும் தெய்வத்தை விசைப்பலகையால் ஆட்டிவைப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. ராஜியில் அந்தச் சங்கடம் இல்லை. தெய்வங்கள் மேலே நின்று பேசுகிறார்கள், ஆயுதம் தருகிறார்கள். ஓடுவதும் விழுவதும் எழுவதும் ஒரு மானிடப் பெண்தான். துர்க்கையும் விஷ்ணுவும் அவளைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் இடங்களில் ஒருவர் அவள்மேல் நம்பிக்கை வைப்பதும் மற்றவர் ஐயுறுவதும் எனக்கு மிகவும் பிடித்தன.

செந்தூல்வாசி:
தண்ணீர்மலையாரே, நான் ஆடியது திருத்திய பதிப்புத்தான். பழைய பதிப்பைவிட மேம்பட்டது என்பதை மறுக்கவில்லை. காட்சிக்கோணச் சிக்கல் அதிலும் தீரவில்லை. ஒரு குழு பட்ட பாடு எனக்கு மரியாதையைத் தரும், ஆனால் விளையாட்டின் மதிப்பெண்ணை அது உயர்த்தாது.

அக்கா, நீங்கள் ரசித்த அந்தப் பேச்சுத்தான் என்னைச் சோதித்தது. சுவரோவியம் ஒன்றை நெருங்கும்போதெல்லாம் ஒரு தெய்வக் குரல் புராணத்தை விளக்கத் தொடங்குகிறது. நவராத்திரிதோறும் மகிடாசுரன் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அங்கே புதிதாக என்ன கிடைக்கிறது? அது நமக்காக எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் நிழல்:
மூவரும் பேசாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். மலேசியாவில் இருந்து இந்த விளையாட்டை ஆடுபவர்களுக்கு அதுதான் முதலில் உறுத்தியிருக்க வேண்டும். இந்த விளையாட்டு இந்துப் புராணத்தோடு பாலித் தீவின் மரபையும் கலந்திருக்கிறது. ராஜி எதிர்கொள்ளும் பெரிய பகைவர்களுள் ஒருத்தி ரங்டா. அவள் பாலியின் ரங்டா. துருத்திய கண்களும் கோரைப்பற்களும் தொங்கும் நாக்குமாக, பாரோங் என்னும் காவல் தெய்வ விலங்கோடு மோதும் பாரோங் ஆட்டத்தில் வருபவள்.

பாலியில் அவளை வெறும் அரக்கி என்று ஒதுக்குவதில்லை. அவளது முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூசை செய்கிறார்கள். மயானத்தை ஒட்டிய பூரா டாலம் கோயில்களில் துர்க்கையை வழிபடும் அந்த மக்கள், ரங்டாவை அதே துர்க்கையோடு தொடர்புபடுத்தியே பார்க்கிறார்கள். பாரோங்குக்கும் அவளுக்கும் நடக்கும் போரில் இறுதி வெற்றி எவருக்கும் கிடையாது. இரண்டும் இருந்தாக வேண்டிய ஆற்றல்கள் என்பது அவர்கள் கருத்து. இவ்வளவு ஆழமான உறவை அறுத்துவிட்டு, துர்க்கையின் அருள்பெற்ற பெண் துர்க்கையோடு தொடர்புடைய ஒருத்தியை வீழ்த்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதாக அமைத்திருக்கிறார்கள். ராஜி தன் திரிசூலம் யாரிடமிருந்து வந்தது, தன் எதிரே நிற்பவள் யார் என்று ஒரு கணம் தடுமாறியிருந்தால்கூட இது வேறு விளையாட்டாக ஆகியிருக்கும். காளியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் தோட்டங்களில் கோயில் எழுப்பிய வழியில் வந்த நமக்கு, அச்சம் தரும் உருவம் என்றால் பகை என்று பொருளாகாது. செந்தூல்வாசி தாவலையும் உருளலையும் குறை சொல்கிறார். எனக்கு அவை பொருட்டே இல்லை. புராணத்தைக் கையாண்ட முறையே மேலோட்டமானது.

தண்ணீர்மலையான்:
நிழல் அவர்களே, ரங்டாவைப் பற்றி நீங்கள் எழுதியது சரியானதே. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவை ஏற்க முடியவில்லை. புராணம் கடல் கடக்கும்போது மாறாமல் வந்த காலம் உண்டா? மலேசியாவின் கிளந்தான் மாநில நிழற்பாவைக் கூத்தான வாயாங் கூலிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இராமாயணத்தை நடத்தும் டாலாங் என்னும் பாவைக்கூத்தர், ஸ்ரீ ராமாவோடு பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு கோமாளிகளையும் கொண்டுவருகிறார். வால்மீகியிலோ கம்பரிலோ அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதற்காக அதை மேலோட்டம் என்று யாரும் தள்ளவில்லை. ராஜியும் தன் கதையின் பகுதிகளை நிழற்பாவைகளைக் கொண்டு சொல்கிறது. ராஜஸ்தானின் இடைக்காலக் கோட்டைகள், இமயமலை அடிவாரத்தின் பஹாரி ஓவிய வண்ணங்கள், பாலியின் ரங்டா ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்த துணிச்சலை நான் குறையாகப் பார்க்கவில்லை. பெயரில் 'ஏன்ஷியன்ட்' என்று போட்டுவிட்டு இடைக்காலக் கட்டடங்களைக் காட்டுவதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த மாடங்களும் நீர்நிலைகளும் அவ்வளவு அழகு.

பிரிக்பீல்ட்ஸ் நிழல்:
நீங்கள் காட்டிய சான்று எனக்கே துணை நிற்கிறது, ஐயா. கோமாளி என்று நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பாக் டோகோல், கிளந்தான் மரபில் பரம்பொருளே மண்ணில் வந்த வடிவமாகக் கருதப்படுகிறார். அவரது பாவைக்குத் தனி மரியாதை உண்டு. அங்கே கதையை மாற்றியவர்கள் மாற்றிய பகுதிக்கும் ஒரு தெய்வப் பொருளை ஏற்றினார்கள். ராஜியில் ரங்டாவிடமிருந்து இருந்த பொருளையும் இறக்கிவிட்டார்கள். இரண்டும் மாற்றம்தான் என்று ஒரே தட்டில் வைக்க முடியாது.

தண்ணீர்மலையான்:
ஐந்து மணி நேரக் கதையில் அந்த அளவு ஆழத்தை எதிர்பார்ப்பது மிகை என்பேன். ரங்டா என்ற பெயரையே இந்த விளையாட்டால்தான் முதலில் கேட்டதாகச் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதன் பிறகுதான் அவர்கள் பாரோங் ஆட்டத்தைத் தேடிப் பார்த்தார்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
நிழல் தம்பி சொன்னதைப் படித்த பிறகு அந்தச் சண்டையைப் பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடியும் பார்க்கப் போகிறேன். இருந்தாலும், ராஜியின் கையில் அம்மன் சூலத்தைப் பார்த்ததும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை இந்த விவாதத்தில் எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று தெரியவில்லை. இந்திக் குரல் சேர்த்தவர்கள் தமிழையும் சேர்த்திருக்கலாம் என்பது மட்டும் என் குறை.

செந்தூல்வாசி:
அக்கா, மகளின் மகிழ்ச்சியை நான் எந்தக் கணக்கிலிருந்தும் கழிக்கவில்லை. நிழல் அவர்களோடு பாதிதான் உடன்படுகிறேன்: ரங்டாவின் சண்டை அரங்கில் காட்சிக்கோணம் ஒழுங்காக இருந்து, அவளது அடுத்த தாக்குதல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால், அவள் யார் என்று யோசிக்கவும் ஆட்டக்காரருக்கு அவகாசம் கிடைத்திருக்கும். இப்போதைய நிலையில் உயிர்பிழைப்பதே பெரும்பாடு. புதிதாக வாங்க நினைப்பவர்கள் 2020 பதிப்பை விட்டுவிட்டுத் திருத்திய பதிப்பைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்குங்கள். கோலுவின் கதை முடியாமலே நிற்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஆடுங்கள்.