டேகேர்ல பாப்பா பாத்ரூமே போக மாட்டேங்கிறா

ஆவடிஅம்மா: ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. ஸ்கூல் விட்டதும் வேன்ல டேகேர், நான் ஆபீஸ் முடிச்சு போய் கூட்டிட்டு வர ஆறரை ஆயிடும். கொஞ்ச நாளா வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பையைக் கூட கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுறா, தண்ணி பாட்டில் அப்படியே ஃபுல்லா திரும்பி வருது, கேட்டா அங்க தாழ்ப்பாள் இல்லம்மா, பெரிய அண்ணனுங்க கதவைத் தள்ளுறாங்கங்கிறா. நடத்துறவங்ககிட்ட சொன்னா பசங்கன்னா அப்படித்தான் மேடம்னு சிரிக்கிறாங்க. என்ன பண்றது?

மழைக்காலம்: சிரிச்சாங்களா?! வாட்ஸ்அப்ல எழுத்துலயே கேளுங்க, மத்த பேரன்ட்ஸையும் சேர்த்துக்கங்க. அடக்கி அடக்கி யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துடும், டாக்டர்கிட்டயும் ஒருதடவை காட்டிடுங்க.

ரிட்டயர்டுடீச்சர்: புள்ளைய போலீஸ் மாதிரி துருவாதீங்கம்மா. தலை பின்னுறப்போ பேச்சுவாக்குல கேளுங்க, தானா வரும். தள்ளுறதைத் தாண்டி யாராச்சும் தொட்டாங்கன்னு சொன்னா அங்க போய் பஞ்சாயத்து பேசிட்டு நிக்காதீங்க, நேரா குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098-க்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் மறைச்சா நடத்துறவங்க மேலயே கேஸ் வரும். ஸ்கூல்லயும் இதே கதைன்னா பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417.

ஆவடிஅம்மா: மெசேஜ் போட்டாச்சு, ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதிலக் காணோம். நாளைக்கு பர்மிஷன் போட்டுட்டு நாலு மணிக்கே போய் நிக்கப் போறேன்.