தாத்தா பிழிந்து தரும் சாத்துக்குடிச் சாறு: சர்க்கரையை மட்டும் நிறுத்தினால் போதுமா?

திண்டுக்கல் அம்மா:
என் மகளுக்கு நாலரை வயது. போன ஆடியில் 16 கிலோ இருந்தாள், இப்போது 21. குழந்தைகள் மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, "என்ன குடிக்கிறாள்?" என்றுதான் முதலில் கேட்டார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பார் என நினைத்திருந்தேன். பதில் சட்டென்று வரவில்லை.

தினமும் மாலை நான்கு மணிக்கு மாமா மூன்று சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டிப் பிழிந்து, வடிகட்டி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு எவர்சில்வர் டம்ளரில் தருவார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேலுதட்டை நக்கிக்கொண்டே இன்னும் கேட்பாள். பழைய பால்புட்டியின் அளவுக்கோட்டை வைத்து அந்த டம்ளரை நேற்று அளந்தேன்: 240 மில்லி. சில நாள் இரண்டு டம்ளர். இரவில் ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறாள்.

கடைப் பாட்டில் எதையும் மாமா வீட்டுக்குள் விட்டதில்லை. "பழம்தானே அம்மா" என்கிறார். அத்தை போன பிறகு அவர் ஆசையாகச் செய்கிற வேலை இது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உணவியல் படித்தவள்:
போதாது சகோதரி. மூன்று பழத்தின் இனிப்பும் டம்ளருக்குப் போய்விடுகிறது. வயிற்றை நிறைக்க வேண்டிய நார் வடிகட்டியில் தங்கிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், பழச்சாற்றின் சர்க்கரையையும் நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடுகிறது. இரண்டு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளொன்றுக்கு 125 மில்லிக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019இல் சொன்னது. உங்கள் டம்ளரில் ஏறக்குறையப் பாதி. அதுவும் உச்ச அளவுதான், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
சாற்றின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஒரு டம்ளரால் ஐந்து கிலோ ஏறுமா? பிஸ்கட், தொலைக்காட்சி, ஓடி விளையாடாதது, இவற்றையும் பாருங்கள்.

உணவியல் படித்தவள்:
நியாயமான கேள்வி. 42 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான கட்டுரையிலும், தினமும் ஒரு டம்ளர் கலப்பில்லாத பழச்சாற்றுக்கு உடல் நிறைக் குறியீட்டில் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் BMI) தெரிந்த ஏற்றம் சிறியதுதான். ஆனால் சின்னக் குழந்தைகளிடம் அது கூடுதல். இங்கே சர்க்கரையும் சேர்கிறது, சில நாள் இரண்டாவது டம்ளரும். மற்றவற்றையும் பாருங்கள், இதை விட்டுவிடாதீர்கள்.

தேனித் தாத்தா:
அம்மா, நானும் என் பேரனுக்குப் பிழிந்து கொடுத்தவன்தான். இப்போது உரித்துக் கொடுக்கிறேன். சுளையின் வெள்ளைத் தோலைக் கீறி, விதையைக் கட்டைவிரலால் தள்ளி, ஒவ்வொன்றாக நீட்டுவேன். ஒரு பழத்துக்குக் கால் மணி நேரமாகும். இரண்டாவது பழத்தை அவன் கேட்டதில்லை. அந்தக் கால் மணி நேரமும் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்லிவிடுவான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது உங்கள் மாமாவையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொல்லிக் கேட்பதைவிட மருத்துவர் வாயால் கேட்பது அவருக்கும் எளிது.

திண்டுக்கல் அம்மா:
சனிக்கிழமை மாமாவையும் அழைத்துப் போனேன். மருத்துவர் சொன்னதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு திரும்பியதும் பிழியும் கருவியைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்துவிட்டார். முதல் நாள் டம்ளரைக் கேட்டு அழுதாள். நேற்று ஏழு சுளை தின்றாள். மீதியைத் தாத்தாவின் வாயில் திணித்தாள். இரவு இரண்டு இட்லி.