தாய்லாந்தில் குற்றமில்லை, இங்கே குற்றம்: ஆசியான் நாடுகளால் ஒரே சட்டம் வைக்க முடியாதா?

செம்பனைத்தோட்டம்:
மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் என் சித்தி மகன் கெத்தும் தண்ணீரோடு, அதாவது கெத்தும் (கிராத்தோம்) இலையைக் கொதிக்க வைத்த தண்ணீரோடு, பிடிபட்டான். மோட்டார் கூடையில் பன்னிரண்டு பிளாஸ்டிக் பை, நாம் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கட்டி வாங்குவோமே அதே மாதிரி கயிறு போட்டுக் கட்டியது. வயது 19, தோட்டத்தில் குலை ஏற்றுகிறான். உடம்பு வலி தெரியாமல் இருக்க அதைக் குடிப்பார்கள் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இல்லை 4 ஆண்டு வரை சிறை, இரண்டுமே கூடக் கிடைக்கலாம். சித்தி சரியாகச் சாப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது.

இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை, தாண்டினால் தாய்லாந்தின் டானோக். அந்தப் பக்கம் 2021 ஆகஸ்டிலிருந்து அதே இலை சட்டப்படி சரி. 2022 ஜூனில் கஞ்சாவையும் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அப்புறம் 2025இல் டாக்டர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பில் இருக்கும் பக்கத்துப் பக்கத்து நாடுகள் உட்கார்ந்து பேசி ஒரே மாதிரி சட்டம் வைத்தால் என்ன?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தங்கச்சி, முதலில் வழக்கைப் பாருங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்திடம், அதாவது ஒய்.பி.ஜி.கே.யிடம், இலவசமாகக் கேட்கலாம். வருமான வரம்பு உண்டு, சம்பளச் சீட்டோடு போங்கள்.

ஆசியான் நாடுகள் பேசாமல் இல்லை, 1976இலேயே போதைப்பொருளை எதிர்த்துக் கூட்டறிக்கை விட்டார்கள். 1998இல், 2020க்குள் போதைப்பொருள் இல்லாத ஆசியான் என்றார்கள், பிறகு அந்தக் கெடுவை 2015ஆகக் குறைத்தார்கள். அந்த ஆண்டும் போய்விட்டது. ஆசியானில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு, ஒருவர் வீட்டு விவகாரத்தில் இன்னொருவர் தலையிடுவதில்லை. ஆளைப் பிடிக்க ஒத்துழைக்கிறார்கள், தகவல் பரிமாற பாங்காக்கில் மையம்கூட இருக்கிறது. எது குற்றம், என்ன தண்டனை என்பதை மட்டும் அவரவர் நாடாளுமன்றம்தான் எழுதுகிறது.

லோரிக்காரன்:
நான் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை சரக்கு ஓட்டுகிறேன். கெத்தும் சின்ன விஷயம் தங்கச்சி, நம் பையன்களை அழிப்பது சியாபு என்கிற மெத்தம்ஃபெட்டமின். அது மியன்மாரில் ஷான் மாநிலக் காட்டுக்குள் தயாராகிறது, காய்ச்சுவதற்கான ரசாயனம் அங்கே விளைவதில்லை, வெளிநாட்டிலிருந்துதான் உள்ளே போகிறது. அதை வழியிலேயே மடக்கினால் பாதி வேலை முடிந்தது. மேக்கோங் ஆற்று நாடுகளும் சீனாவும் 1993இலிருந்து இதற்காகத் தனியாகக் கூடுகின்றன, மலேசியா அந்தக் கூட்டத்தில் இல்லை. சரக்கு மட்டும் நம்மிடம் தவறாமல் வந்துவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் டார்ச் அடித்து லோரிக்கு அடியில், டயர் இடுக்கில், டூல் பெட்டியில் எல்லாம் தடவிப் பார்ப்பேன். ஒருமுறை சாப்பாட்டுக் கடையில் ஒருவன் பிஸ்கட் டின்னை நீட்டி, “அலோர் ஸ்டாரில் என் தம்பி வாங்கிக்குவான்”ன்னான். டின் கனத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். அன்றைக்கு வாங்கியிருந்தால் குற்றவாளி நான், அவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜொகூர் அக்கா:
ஒரே சட்டம் கேட்காதம்மா. கேட்டால் யாருடைய சட்டம் வரும், தாய்லாந்துடையதா, சிங்கப்பூருடையதா? நம் நாட்டில் போதைப்பொருள் கடத்தலுக்கு 2023 ஜூலையிலிருந்து தூக்கு கட்டாயமில்லை, நீதிபதி நினைத்தால் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் தரலாம். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால், சில விதிவிலக்கு தவிர, இன்னும் தூக்குதான். நம் ஈப்போ பையன் நாகேந்திரன் 2009இல் அங்கே பிடிபட்டது 42.72 கிராம் ஹெராயினுக்காக. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி சாங்கி சிறையில் தூக்கிலிட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எங்களுக்கு அவர் சொந்தம்கூட இல்லை.

நான் கேட்பது வேறு. பிஸ்கட் டின்னை நீட்டினவன் ஒரு நாட்டில், வாங்கினவன் இன்னொரு நாட்டில். வாங்கினவன் வாய் திறந்து பெயரைச் சொன்னால், அந்த வாக்குமூலத்தை வைத்து அந்தப் பக்கத்து போலீஸ் நீட்டினவனைப் பிடிக்கும் வரையாவது தண்டனையை நிறுத்தி வைக்க வேண்டும். சாட்சியம் பகிர 2004இலேயே ஆசியான் நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதை எங்கள் பிள்ளைகள் பக்கமும் பயன்படுத்தட்டும்.

செம்பனைத்தோட்டம்:
அக்கா, நீங்கள் சொன்னதை நான் யோசித்தே பார்க்கவில்லை. சித்தியிடமும் வாசித்துக் காட்டினேன். ஒய்.பி.ஜி.கே.க்கு நாளைக் காலை போகிறோம். வாத்தியார் ஐயா, எந்த நாட்டில் எது குற்றம், எவ்வளவுக்கு என்ன தண்டனை என்று தமிழில் ஒரு தாளில் எழுதித் தருவீர்களா? மாரியம்மன் கோயில் பலகையில் ஒட்டலாம், வெள்ளிக்கிழமை பூசைக்கு லயத்துப் பையன்கள் எல்லாரும் வருவார்கள். லோரி அண்ணா, அந்த பிஸ்கட் டின் கதையையும் கீழே சேர்த்துக்கொள்கிறேன்.