மோஸ்ட் வான்டட் 2005: பஸ் கூரைமேல் நின்று சேர்த்த பவுண்டி கணக்கில் வருமா?

ராக்போர்ட்_வாசி:
பேச்சு 'நீட் ஃபார் ஸ்பீட்' கார் ரேஸ் தொடரின் மோஸ்ட் வான்டட் பற்றி. போலீஸ் துரத்தலின் கடுமைதான் ஹீட், துரத்தலில் உங்கள் தலைக்கு ஏறும் விலைதான் பவுண்டி, ஒவ்வொருவராக ஜெயிக்க வேண்டிய 15 எதிரிகளின் பட்டியல்தான் பிளாக்லிஸ்ட். நேற்று வேறொரு இழையில் பாலா எழுதியது இது: "மோஸ்ட் வான்டட்ல ஹீட் 5 எல்லாம் ஒண்ணுமே இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் கூரைமேல காரை ஏத்திட்டு, சாப்பிட்டு வந்தா பவுண்டி தானா ஏறியிருக்கும். பிளாக்லிஸ்ட் 15 பேரையும் அப்படித்தான் தூக்கினேன். குழந்தை விளையாட்டு."

படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2005 நவம்பரில் வந்த கேம் இது. அதற்கு முன் இதே தொடரில் வந்த இரண்டு அண்டர்கிரவுண்டு கேமிலும் போலீஸே கிடையாது. கேமைச் செய்த இஏ பிளாக் பாக்ஸ் ஆட்கள் போலீஸைத் திரும்பக் கொண்டுவந்து, அதன்மேல்தான் இந்த முழு கேமையும் கட்டினார்கள். துரத்தலில் ஓடாதவன் மோஸ்ட் வான்டட் ஆடவே இல்லை. பஸ் மேல் நின்ற கார் ஓடவில்லை. ஓடாத காருக்குக் கிடைத்த பவுண்டியை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

பஸ்கூரை_பாலா:
நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம் அண்ணே, கேம் எடுத்துக்கொண்டது. திரையில் பவுண்டி ஏறியது, மைல்ஸ்டோன் இலக்கு முடிந்தது, பட்டியலில் முதலிடத்து ரேசர் தோற்றான். இதில் உங்கள் கையெழுத்து எங்கே தேவைப்படுகிறது?

ராக்போர்ட்_வாசி:
கேம் கொடுத்துவிட்டது என்பதெல்லாம் ஒரு வாதமா? பஸ் கூரை ஒரு ஓட்டை. போலீஸ் கார் பக்கத்தில் வந்து மடக்கினால்தான் பிடிபட்டதைக் காட்டும் பஸ்டட் கோடு நிரம்பும். கூரைமேல் அவர்களால் ஏற முடியாது. கீழே போலீஸின் கார்வெட் கார்கள் வட்டம் அடித்துக்கொண்டே இருக்கும், மேலே நீங்கள் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

உண்மையான ஹீட் 5 எப்படி இருக்கும் என்று தெரியுமா? காது முழுக்க போலீஸ் ரேடியோ. உங்கள் கார் என்ன கலர், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், எல்லாவற்றையும் அவர்கள் பேசிக்கொள்வது கேட்கும். ரோடு பிளாக் போடச் சொன்னார்கள் என்றால் அடுத்த வளைவுக்குள் முடிவெடுக்க வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தால் சந்தோஷப்படக் கூடாது, அங்கேதான் டயரைக் கிழிக்கும் ஸ்பைக் ஸ்ட்ரிப் கிடக்கும். நேரத்தை மெதுவாக்கும் ஸ்பீட்பிரேக்கர் பட்டனைத் தட்டி, அந்த நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்து, போலீஸ் காரின் பின்பக்கத்தை இடித்துச் சுழலவிட்டு வெளியே வர வேண்டும். முன்பக்கத்தில் இடித்தால் உங்கள் வேகம் செத்துவிடும். இதைச் செய்து சேர்த்த பவுண்டியும், கூரைமேல் நின்ற பவுண்டியும் ஒன்றா?

கீபோர்டு_வீரன்:
கண்ட்ரோலரா? பிசியில் ஆடியவர்கள் யாரும் கண்ட்ரோலர் தொட்டதில்லை. பிரவுசிங் சென்டரில் அம்புக்குறி பட்டன் தேய்ந்து எழுத்து அழிந்த கீபோர்டில்தான் எல்லோரும் ரேசரை ஜெயித்தோம்.

ராக்போர்ட்_வாசி:
எதில் ஆடினால் என்ன? ஓடினீர்களா, நின்றீர்களா? அதுதான் கேள்வி.

பஸ்கூரை_பாலா:
ஒரு விஷயத்தை வேண்டுமென்றே மறைக்கிறீர்கள். துரத்தலில் சேர்ந்த பவுண்டி, தப்பித்தால்தான் கைக்கு வரும். பஸ்டட் ஆனால் எல்லாம் போச்சு. அதாவது கூரையிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும். அதுவரை கீழே காத்திருந்த மொத்தக் கூட்டமும் அப்போது பின்னால் வரும். நான் இறங்கினேன், டோனட் கடை பொம்மையைத் தட்டி போலீஸ்மேல் சாய்த்து நாலைந்து வண்டியை நசுக்கினேன், போலீஸ் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய கூல்டவுன் நேரத்தில் ஒளிந்தேன், தப்பித்தேன். ஓடவில்லை என்று யார் சொன்னது?

ராக்போர்ட்_வாசி:
கடைசி இரண்டு நிமிடம் ஓடிவிட்டு முழுத் துரத்தலுக்கும் கூலி கேட்கிறீர்கள். பவுண்டியில் பெரும்பங்கு ஏறும்போது வண்டி எங்கே இருந்தது? பஸ் மேல். பர்சூட் நேரத்துக்கான மைல்ஸ்டோன் முடியும்போது எங்கே இருந்தது? பஸ் மேல்.

இந்த பாலாதான் போன வருஷம் அண்டர்கிரவுண்டு 2-ல் போலீஸ் துரத்தும் என்று இரண்டு பக்கத்துக்குச் சண்டை போட்டவர் என்பதைப் புதியவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். இன்றுவரை அதற்குப் பதில் வரவில்லை.

பஸ்கூரை_பாலா:
அதை எதற்கு இங்கே இழுக்கிறீர்கள்? பேச்சு மோஸ்ட் வான்டட் பற்றி.

நிலா_ஜிடிஆர்:
பாலா பக்கம்தான் நான். முதலில் ஏமாற்றுவது போலீஸ்தானே? முழு அப்கிரேட் செய்த காரில் ஹைவேயில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன், சாதாரண போலீஸ் கார் பின்னாலிருந்து அலுங்காமல் வந்து பக்கத்தில் இடிக்கும். வளைவு தாண்டினால் எதிரே மோத வரும் ரைனோ எஸ்யூவி போலீஸ் வண்டி இரண்டு, நேராக மூஞ்சியில். அவை எந்தத் தெருவிலிருந்து வந்தன என்று மினிமேப்பில்கூடத் தெரியாது. பிடிபடும்போது காருக்கு விழும் ஸ்ட்ரைக் நிரம்பினால் பறிமுதல் வேறு. நான் ஆசையாக விஷுவல் பார்ட்ஸ் போட்டு வைத்திருந்த சூப்ராவை அப்படி இழந்தேன். ஆட்டத்தின் விதியே ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்போது, பஸ் கூரை எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ராக்போர்ட்_வாசி:
நிலா, ரைனோ வருகிறது என்று ரேடியோவில் முன்கூட்டியே சொல்வார்கள். கேட்கவில்லை என்றால் பாட்டு சத்தத்தைக் குறையுங்கள். நான் ஆப்ஷன்ஸில் பாட்டை முழுக்க அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் வைத்து ஆடியவன். ரைனோ நேராக வரும்போது கடைசி நொடி வரை ஒரே கோட்டில் போய்விட்டு விலக வேண்டும். முன்பே விலகினால் அதுவும் உங்களோடு சேர்ந்து விலகும். இதெல்லாம் ஆடி ஆடித்தான் கைக்கு வரும். கூரைமேல் நின்றால் வராது.

நிலா_ஜிடிஆர்:
பாட்டை அணைத்துவிட்டு மோஸ்ட் வான்டட் ஆடினேன் என்று பெருமையாகச் சொல்லும் ஒரே ஆள் நீங்கள்தான். அந்த கேமில் பாதி உயிரே பாட்டுதான்.

மிட்நைட்_மணி:
இரண்டு பேரும் அந்த மஞ்சள் பூசிய கேமுக்காகச் சண்டை போடுகிறீர்கள். ரோடு, வானம், மரம் எல்லாம் மஞ்சள். மிட்நைட் கிளப் லாஸ் ஏஞ்சலஸ் ஆடிப் பாருங்கள், 2008-ல் வந்தது. நிஜ ஊரின் தெருக்கள். போலீஸ் சைரன் போட்டால் ஓரம் கட்டி அபராதம் கட்டலாம், இல்லையென்றால் ஓடலாம். அந்த முடிவு உங்கள் கையில். பஸ் கூரையெல்லாம் தேவையே இல்லை.

கீபோர்டு_வீரன்:
அது பிசிக்கு வரவே இல்லை. வராத கேமைப் பற்றி என்ன பேச்சு? அந்த மஞ்சள்தான் மோஸ்ட் வான்டட் நடக்கும் ராக்போர்ட் ஊரின் அழகு. இலையுதிர் காலத்தில் ரோஸ்வுட் பக்கம் சாயங்கால வெயில் விழும்போது பார்த்திருக்கிறீர்களா?

மிட்நைட்_மணி:
உங்களிடம் கன்சோல் இல்லை என்பது கேமின் குற்றமா?

ராக்போர்ட்_வாசி:
மணி, தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு பஸ் கூரை பற்றி.

இன்னொன்றும் சொல்கிறேன். 2019-ல் இதே தொடரில் வந்த 'ஹீட்' என்ற கேமைப் பாருங்கள். ராத்திரியில் போலீஸ் ஹீட் ஏற ஏற ரெப் என்ற பெயர்ப் புள்ளி பெருகும், ஆனால் சேஃப்ஹவுஸுக்குத் திரும்பினால்தான் அது உங்களுடையது. இடி வாங்கினால் கார் சேதம் ஏறிக்கொண்டே போகும். நின்று வேடிக்கை பார்த்தால் கதை முடிந்தது. ஓட வேண்டும் என்பதுதான் இந்தத் தொடரின் உயிர்.

பஸ்கூரை_பாலா:
பிடித்தீர்கள் பாருங்கள். ஹீட்டில் தப்பித்தால்தான் ரெப். மோஸ்ட் வான்டட்டில் தப்பித்தால்தான் பவுண்டி. இரண்டும் ஒரே விதி. நான் தப்பித்தேன். பவுண்டி என்னுடையது.

ராக்போர்ட்_வாசி:
பஸ் மேல் நின்று.

பஸ்கூரை_பாலா:
தப்பித்து.

ராக்போர்ட்_வாசி:
பஸ் மேல் நின்ற பிறகு தப்பித்து. ரேசரை ஜெயித்தபின் கதையில் நமக்கு உதவும் மியா, பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் காரின் சாவியைக் கொடுக்கிறாள். ஊர் போலீஸ் மொத்தமும் பின்னால் வருகிறது, போலீஸ் அதிகாரி கிராஸ் உட்பட. உடைந்த பாலத்தைப் பற்றி அவள் போன் செய்யும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். நான் ஹைவேயிலும் கேம்டன் பீச் பக்கமும் சுற்றிச் சுற்றி ஓடி, டயர் ஒன்றுகூடக் கிழியாமல் அந்தப் பாலத்தைத் தாண்டினேன். கை வேர்த்து ஈரமாகியிருந்தது. அந்தச் சந்தோஷம் பாலாவுக்குக் கிடைத்திருக்காது என்பதுதான் எனக்கு ஆதங்கம். 12 வயதுப் பையன் யாராவது பாலாவின் பதிவைப் படித்துவிட்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால், அவனுக்கும் கிடைக்காது.

பஸ்கூரை_பாலா:
கடைசித் துரத்தலை நானும் ஓடித்தான் முடித்தேன். எனக்கு எது கிடைத்தது, கிடைக்கவில்லை என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

கீபோர்டு_வீரன்:
யாராவது அதே பெயரில் 2012-ல் வந்த மோஸ்ட் வான்டட் பற்றிச் சொல்லுங்கள். அது இதைவிட நல்ல கேம் என்று மணி வேறு இடத்தில் எழுதியிருக்கிறார்.

மிட்நைட்_மணி:
எழுதினேன், இப்போதும் சொல்வேன். கிரைட்டீரியன் ஸ்டுடியோ செய்தது. அதன் ஊரான ஃபேர்ஹேவனில் கார் ஓட்டும் உணர்வு வேறு ரகம்.

நிலா_ஜிடிஆர்:
கதை இல்லை, ரேசர் இல்லை, கிராஸ் இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட கேம் அது.

ராக்போர்ட்_வாசி:
2012-ஐப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன், திறந்தால் இந்த இழை பூட்டப்படும். பாலா, கடைசித் துரத்தலை ஓடி முடித்தேன் என்கிறீர்கள். வீடியோ போடுங்கள். கார் பஸ் ஸ்டாண்ட் பக்கமே போகாமல், தொடக்கத்திலிருந்து அந்தப் பாலத்தைத் தாண்டும் வரை, வெட்டாமல் ஒரே வீடியோ.

பஸ்கூரை_பாலா:
போடுகிறேன். அதற்கு முன், டிராக் ரேஸில் கியர் ஒன்றுகூடத் தப்பாமல் ரேசரை ஜெயித்ததாகப் போன தீபாவளிக்குச் சொன்னீர்களே, அந்த வீடியோ எங்கே?

ராக்போர்ட்_வாசி:
அது வேறு இழை. இங்கே பஸ் கூரைக்குப் பதில் சொல்லுங்கள்.