சரிவுக் கூரை வீட்டுக்கு எந்த சவுண்ட்பார்? குன்னூர்க்காரர்கள் வழி சொல்லுங்கள்

ஹால் 14-க்கு 11 அடி. மரத்தளம், தகரக் கூரை, அதன் கீழே சரிவாக அடித்த பலகை. டிவி 43 அங்குலம். எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே பாருக்கு அனுப்பும் வசதி) உண்டு, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இல்லை. பட்ஜெட் 20,000 ரூபாய்.

முதல் தேவை, பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். ஐப்பசி மழை தகரத்தில் கொட்டும்போது வசனம் அமுங்கிப்போகிறது. வால்யூமை ஏற்றினால் பின்னணி இசைதான் அலறுகிறது. 2.1 பாரில் (இடம், வலம், ஒரு சப்வூஃபர்) வசனத்துக்கென்று நடுவே தனி ஸ்பீக்கர் கிடையாது, அதனால் அது உள்ள 3.1 வாங்கலாம் என்று எண்ணம். உங்களில் யாராவது இரண்டையும் மழை நேரத்தில் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

கடையில் மேல்நோக்கிய ஸ்பீக்கர் உள்ள அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி நுட்பம்) மாடலைத்தான் காட்டுகிறார்கள். ஒலி தட்டையான சீலிங்கில் பட்டுத் திரும்பினால்தான் அது தலைக்கு மேல் கேட்கும். சரிவுப் பலகை அதை வேறு பக்கம் தள்ளிவிடும். எனவே அது வேண்டாம். ஓடிடி அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவில் வருவதால் ஏஆர்சி தாங்கும், ஆப்டிகல் கேபிள்தான் தாங்காது. இஏஆர்சிக்காக டிவியை மாற்றச் சொல்ல வேண்டாம்.

அடித்தொனிக்கான தனிப் பெட்டியான சப்வூஃபர்தான் பெரிய கவலை. மரத்தளத்தில் நேரடியாக வைத்தால் பலகையோடு ஷோகேஸ் கண்ணாடியும் கடகடக்கும். அடியில் ரப்பர் மேட் மட்டும் போதுமா, மேட்டின் மேல் கடப்பாக்கல்லும் போட வேண்டுமா? போட்டவர்கள் கல்லின் கனத்தையும் சொல்லுங்கள்.

டிவிக் காலின் உயரம் 6 செ.மீ. அதற்கு மேல் பார் உயர்ந்தால் ரிமோட் சென்சார் மறைந்துவிடும். இந்த அளவுக்குள் அடங்கும் 3.1 மாடல் எது? பழுதானால் ஊட்டியிலேயே பார்ப்பார்களா, கோவைக்கு இறக்க வேண்டுமா?