புதுப்பிப்பு: டி-34 மாடலில் படர்ந்த வெண்மை நீங்கியது

1:35 அளவில் நான் கட்டிவரும் டி-34/85 என்னும் சோவியத் டாங்கி மாடலின்மேல் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடித்த மறுநாளே வெண்மை படர்ந்துவிட்டதென்று சென்ற மாதம் எழுதி, யோசனை கேட்டிருந்தேன். குற்றம் வார்னிஷுடையதன்று; மழை ஓய்ந்த மாலையில், புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரத்தில், மொட்டைமாடியில் நின்று ஸ்ப்ரே செய்த என்னுடையதே. விரைந்து ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விப்பதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் சொன்னபடி, வெயில் ஏறிய நண்பகலில் கரைப்பான் கலந்த பளபளப்பு வார்னிஷை மெல்லிதாக ஒருமுறை அடித்ததும், டரட்டின் (பீரங்கி பொருந்திய சுழலும் மேற்பகுதியின்) மேலிருந்த வெண்திரை கரைந்து கரும்பச்சை மீண்டது. பக்கத்துக்கு ஐந்தாக உள்ள சக்கரங்களின் ரப்பர் விளிம்பில் மட்டும் சாம்பல் பூத்திருக்கிறது; 1944இல் களமிறங்கிய வண்டிக்கு அது புழுதியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இறுதி மேட் பூச்சை, ஈரம் குறைந்த ஒரு நாளுக்காக ஒத்திவைத்திருக்கிறேன்.