‘தொற்று வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று தொழிலாளியிடம் கையெழுத்து வாங்கலாமா? (ஜூன் 2021)

வியாசர்பாடி பட்டறை:
நான் வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். மே 10 அன்று கொரோனாவுக்காக முழு ஊரடங்கு வந்ததிலிருந்து மெஷின் ஓடவில்லை. வங்கித் தவணையும் வாடகையும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தளர்வு வந்ததும் திறக்கப் போகிறேன். என் கணக்குகளைப் பார்க்கும் ஆலோசகர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்: “என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலைக்கு வருகிறேன். எனக்குத் தொற்று ஏற்பட்டால் நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல.” எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது நியாயம் என்றே நினைக்கிறேன். தொழிலாளி எட்டு மணி நேரம் என்னிடம் இருக்கிறார். மீதி நேரம் ஷேர் ஆட்டோவில், தண்ணீர் லாரி வரிசையில், காசிமேட்டு மீன் சந்தையில் இருக்கிறார். கிருமி எங்கே ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாதபோது நான் மட்டும் ஏன் நீதிமன்றப் படி ஏற வேண்டும்?

கொருக்குப்பேட்டை செல்வி:
ஐயா, இதே போன்ற ஒரு தாளில் என் அண்ணனும் சென்ற ஆண்டு கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். அதில் ‘சொந்த விருப்பம்’ எங்கே இருக்கிறது? அது ஒரு பார்சல் கிடங்கு. ரோந்து வண்டியின் கண்ணில் படக் கூடாது என்று ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, உள்ளே ஒன்பது பேரை வைத்து வேலை வாங்கினார்கள். அந்தக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. காற்று வர ஒரே வழி அந்த ஷட்டர்தான். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரே எவர்சில்வர் டம்ளர். இரண்டு பேர் இருமிக்கொண்டே மூட்டை கட்டினார்கள், ஏனென்றால் விடுப்பு எடுத்தால் கூலி கிடையாது. அண்ணன் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தார். இன்றும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூட்டை தூக்கும் வேலை போய்விட்டது. கிருமி எங்கே ஒட்டியது என்று தெரியாது என்கிறீர்கள். ஷட்டரை இறக்கியது யார் என்று எங்களுக்குத் தெரியும்.

பாரிமுனை வழக்குரைஞர்:
படிவத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923, பிரிவு 17: தனக்குச் சேர வேண்டிய இழப்பீட்டைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. ஆபத்து இருப்பது தெரிந்தேதான் ஆளைக் கூப்பிட்டீர்கள் என்பதற்கு வேண்டுமானால் சாட்சியாக நிற்கும்.

உங்கள் பயத்தில் பாதி, சென்ற ஆண்டு பரவிய வதந்தியிலிருந்து வந்தது. 2020 ஏப்ரலில் ஆலைகளைத் திறக்க மத்திய உள்துறை விதிமுறைகள் வெளியிட்டபோது, ஒரு தொழிலாளிக்குத் தொற்று வந்தாலே முதலாளி சிறைக்குப் போவார் என்று பேச்சுக் கிளம்பியது. ஏப்ரல் 23 அன்று உள்துறைச் செயலாளரே அப்படி ஒரு விதி இல்லை என்று எழுத்தில் தெளிவுபடுத்தினார்.

ஆனால் மறுபாதி வதந்தி அல்ல. மின்சக்தியோடு பத்துப் பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை. தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 7ஏ: வேலை செய்யும் இடத்தில் தொழிலாளியின் உடல்நலமும் பாதுகாப்பும், நடைமுறையில் இயன்ற அளவு, உடைமையாளரின் கடமை. ‘இயன்ற அளவு’ என்பதைக் கவனியுங்கள். அதிசயம் செய்யச் சொல்லவில்லை. செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்டீர்களா என்றுதான் கேட்கிறது. பிரிவு 16 தலைக்கு 14.2 கன மீட்டர் இடம் கேட்கிறது. காற்றோட்டத்துக்குப் பிரிவு 13. மீறினால் பிரிவு 92-இன்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவை எதுவும் கொரோனாவுக்காக வந்தவை அல்ல.

எம்.சி. ரோடு துணிக்கடை:
வழக்குரைஞர் சார், சட்டம் எப்போதும் எங்களை நோக்கியே விரல் நீட்டுகிறது. 2020 மார்ச் 29 அன்று, மூடிய கடைக்கும் முழுச் சம்பளம் கொடு என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்தச் சம்பளத்தில் பங்கெடுக்க அது முன்வந்ததா? மே மாதம் அதுவே உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. இந்த ஆண்டு ஏப்ரல் 6 தேர்தலுக்கு முன்னால் தெருத் தெருவாகக் கூட்டம் கூட்டினார்கள். அதற்குப் பொறுப்பேற்று யார் கையெழுத்துப் போட்டார்கள்? வாடிக்கையாளர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் புடவை பார்த்தால் அபராதம் என் தலையில். பொறுப்பு என்றால் மேலிருந்து தொடங்கட்டும்.

கொருக்குப்பேட்டை செல்வி:
மேலே உள்ளவர்களையும் கேளுங்கள் அண்ணா, நானும் உங்களோடு வருகிறேன். ஆனால் அவர்கள் பதில் சொல்லும்வரை கிடங்கில் அந்த ஒற்றை டம்ளர் தொங்க வேண்டுமா? இன்னும் மூன்று டம்ளர் வாங்க எந்த அரசாணை வேண்டும்?

வியாசர்பாடி பட்டறை:
டம்ளர் வாங்க நானும் தயார், அம்மா. எக்ஸாஸ்ட் மின்விசிறி ஒன்றும் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். என் பட்டறையில் இரண்டு லேத்துக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். மெஷினைத் தள்ளிப் போட இடமில்லை. இரண்டு ஷிப்ட் ஆக்கினால் மின்கட்டணமும் மேற்பார்வையும் இரட்டிப்பாகும். அம்பத்தூரில் எனக்கு ஆர்டர் கொடுப்பவர், பழைய விலைக்கு மேல் ஒரு பைசா தர மாட்டார். இந்தச் செலவை அவர் தலையில் கட்ட ஏன் ஒரு சட்டமும் இல்லை? ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் கார் ஆலைத் தொழிலாளர்கள் தொற்றுப் பாதுகாப்பு கேட்டுப் போன மாதம் உயர் நீதிமன்றம் போனார்கள். நிர்வாகம் சில நாள் உற்பத்தியை நிறுத்தியது. அவர்களால் நிறுத்த முடியும். நான் நிறுத்தினால் வேலை கோயம்புத்தூர் போய்விடும், திரும்பி வராது.

மணலி ஷிப்ட்:
கிருமியை மட்டும் பேசுகிறீர்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்து மக்கள் செத்தார்கள். ஊரடங்கில் கவனிப்பின்றிக் கிடந்த தொட்டி சூடேறியதுதான் காரணம். அதே நாள் நெய்வேலியில் பாய்லர் வெடித்தது. இரண்டு நாளில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், திறந்த முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கொள்ளுங்கள், உற்பத்தி இலக்கைத் துரத்தாதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. மணலியில் பைப் லைனுக்குக் கீழே நிற்கும் எங்களுக்கு இதுதான் பெரிய பயம். பட்டறைக்காரரே, பல வாரம் பூட்டிக் கிடந்த இடத்தில் முதலில் வயரிங்கையும் வெல்டிங் சிலிண்டர் குழாயையும் பாருங்கள், எலி கடித்திருக்கும். எங்களைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு யார் பொறுப்பு என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பாரிமுனை வழக்குரைஞர்:
பட்டறைக்காரர் சொல்வதில் ஒன்றை மறுக்க முடியாது. இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்று அபாயம் தனியாக உள்ள வேலைகளைத்தான் சேர்த்திருக்கிறது: மருத்துவமனை, ஆய்வுக்கூடம் போன்றவை. லேத் தொழிலாளி வேலையால்தான் தொற்று வந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம். அதனால்தான் இந்த மாதம் வந்திருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) நிவாரணத் திட்டம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தொற்றில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 சதவீதம், நாள் கணக்கில் சேர்த்து மாதந்தோறும் போகும்; மாதத்துக்குக் குறைந்தது 1,800 ரூபாய். எங்கே ஒட்டியது என்ற கேள்வியே அதில் இல்லை. தொற்று உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும், முந்தைய ஓராண்டில் 70 நாள் சந்தா இருக்க வேண்டும். 2020 மார்ச் 24 முதல் இது பொருந்தும்.

கொருக்குப்பேட்டை செல்வி:
செத்தால் தருவார்கள். பிழைத்து, மூட்டை தூக்க முடியாமல் வீட்டில் இருப்பவருக்கு? அண்ணன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்று, ஒன்பது பேர் என்றே கணக்குக் காட்டி, பத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எம்.சி. ரோடு துணிக்கடை:
என் கடையில் உண்மையாகவே ஏழு பேர்தான். அவர்களுக்கும் ஒரு திட்டம் கொண்டுவரட்டும், என் பங்குக்குச் சந்தா கட்டுகிறேன். நிரூபிக்க முடியாத நோய்க்கு என் கடையை விற்று இழப்பீடு கொடு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வியாசர்பாடி பட்டறை:
படிவத்தைக் கைவிடுகிறேன். ஆனால் இருமலோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியது, மின்விசிறி வாங்கியது, ஷிப்ட் பிரித்தது எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதி, அதில் தொழிலாளியின் கையெழுத்தும் வாங்குவேன். அதற்கும் ஆட்சேபம் உண்டா?

கொருக்குப்பேட்டை செல்வி:
திருப்பி அனுப்பிய நாளுக்குக் கூலி உண்டு என்று அதே நோட்டில் எழுதுங்கள், ஐயா. இல்லாவிட்டால் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். என் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

வியாசர்பாடி பட்டறை:
முழுக் கூலி என்னால் முடியாது. பாதி தருகிறேன்.

பாரிமுனை வழக்குரைஞர்:
இ.எஸ்.ஐ. இருந்தால் மருத்துவச் சான்றின் பேரில் நோய்க்கால உதவியாக 70 சதவீதம் அவர்களே தருவார்கள். உங்கள் பாதியை, அவர்கள் பணம் தராத தொடக்கக் காத்திருப்பு நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணலித் தம்பிக்கு: இ.எஸ்.ஐ. சட்டம் பிரிவு 40-இன்படி ஒப்பந்தத் தொழிலாளியின் சந்தாவையும் முதன்மை முதலாளிதான், அதாவது ஆலையை நடத்துபவர்தான், முதலில் கட்ட வேண்டும்; பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். உங்கள் காப்பீட்டு எண்ணில் சந்தா ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டோடு வாருங்கள், மனு நான் எழுதித் தருகிறேன். செல்வி, அண்ணனோடு வேலை பார்த்த பத்தாவது ஆள் ஒருவர் இருந்தார் என்று காட்ட முடிந்தால் நீங்களும் வாருங்கள்.